போளூர் வரை வந்த சீனப் போர்

1962-ல் இமயமலையில் ஒரே மாதம் நடந்த சண்டை. வட ஆற்காட்டில் ஒரு குண்டுகூட விழவில்லை. ஆனால் இங்கே கட்சியின் கொள்கை மாறியது, பத்தரின் பிழைப்பு மாறியது, தறியில் ஓடும் நூலின் விலைகூட எல்லையைப் பார்த்து ஏறி இறங்கத் தொடங்கியது.

காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் ரயிலில் ஏறினால் வேலூர், கண்ணமங்கலம், ஒண்ணுபுரம், ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை என்று நிலையங்கள் வரிசையாக வரும். இருபுறமும் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும். கொஞ்சம் உள்ளே போனால் தேவிகாபுரம், அத்திமலைப்பட்டு, முனுகப்பட்டு என்று பட்டுத் தறி ஓடும் ஊர்கள். 1989-ல் மாவட்டம் பிரியும்வரை இவை எல்லாம் வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு. இந்த நிலப்பரப்புக்கும் தவாங்குக்கும் லடாக்குக்கும் என்ன உறவு என்று கேட்டால் சட்டென்று பதில் தோன்றாது. உறவு இருக்கிறது. அது 1962 அக்டோபரில் தொடங்கியது.

இந்தக் கதையை இப்போது எடுக்கக் காரணம் உண்டு. 2025 மே 7 முதல் 10 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டன. சண்டை நின்றது. பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள் நிறுத்தி வைக்கப்பட்ட சிந்து நதி நீர் ஒப்பந்தமோ சண்டை நின்ற பிறகும் அப்படியே நின்றது. குறுகிய போர்களின் குணம் இது. துப்பாக்கி ஓய்ந்த தேதி எல்லோருக்கும் தெரியும்; போரின் பெயரால் எடுத்த முடிவுகள் எப்போது ஓயும் என்பது யாருக்கும் தெரியாது. அறுபது ஆண்டு தாண்டிய ஒரு போரை வைத்துத்தான் இதைச் சரியாக அளக்க முடியும்.

ஒரு மாதம், இரண்டு தாக்குதல்

1962 அக்டோபர் 12 அன்று இலங்கைக்குப் புறப்பட்ட பிரதமர் நேரு, நம் மண்ணிலிருந்து சீனரை அகற்றப் படைக்கு உத்தரவு போயிருக்கிறது என்று செய்தியாளர்களிடம் சொன்னார். எட்டு நாள் கழித்து, அக்டோபர் 20 விடியலில், சீனப் படை கிழக்கே நாம்கா சூ ஆற்றோரத்திலும் மேற்கே லடாக்கிலும் ஒரே நேரத்தில் தாக்கியது. உலகத்தின் கண் அப்போது கியூபா ஏவுகணை நெருக்கடியில் இருந்தது. முதல் அலைக்குப் பின் சில வாரம் இடைவெளி. நவம்பர் நடுவில் இரண்டாவது அலை: வாலாங், சேலா, பொம்டிலா என்று வரிசையாக விழுந்தன. நவம்பர் 18-ல் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் 13-வது குமாவுன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி ஏறக்குறைய முழுவதுமாக மாண்டது. நவம்பர் 21-ல் சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்துக் கிழக்கில் பின்வாங்கியது. மேற்கே அக்சாய் சின், சுமார் 38,000 சதுர கிலோமீட்டர், அதன் கையிலேயே தங்கியது.

இந்தியத் தரப்பில் அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 1,383 பேர், காணாமல் போனவர்கள் 1,696 பேர், சிறைபிடிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி இழந்தார். அவர் இடத்துக்கு ஒய்.பி.சவாண் வந்தார். போர்க்களத்தின் கதை இவ்வளவுதான். போளூருக்கு வந்த கதை வேறு.

வேலூர் சிறையிலிருந்து வந்தவர்

அந்த ஆண்டு பிப்ரவரித் தேர்தலில் தி.மு.க. சட்டமன்றத்தில் 50 இடம் பிடித்திருந்தது. ஆனால் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றிருந்தார். மாநிலங்களவைக்குப் போன அவர், மே 1 அன்று தன் முதல் உரையிலேயே திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை வேண்டும் என்று பேசி டெல்லியைத் திரும்பிப் பார்க்க வைத்தார். ஜூலை 19-ல் விலைவாசி உயர்வை எதிர்த்துக் கட்சி மறியல் நடத்தியது. வேலூரில் தலைமை தாங்கிய அண்ணா கைதாகி, பத்து வாரத் தண்டனையுடன் வேலூர் சிறைக்குள் போனார். அக்டோபர் இறுதியில் வெளியே வந்தபோது எல்லையில் சண்டை மூண்டிருந்தது.

மறியலில் இறங்கிச் சிறை போன கட்சி, வெளியே வந்ததும் அரசின் பக்கம் நின்றது. நாடு இருந்தால்தான் கட்சி இருக்கும் என்பது அண்ணாவின் நிலைப்பாடு. பிரிவினைப் பிரசாரத்தை நிறுத்திவைத்து, போர் நிதி திரட்டச் சொன்னார். இது போர் ஒன்றினால் மட்டும் வந்த மாற்றம் என்று எழுதினால் தவறாகும். ஈ.வெ.கி.சம்பத் 1961-லேயே திராவிட நாடு நடக்காத காரியம் என்று வாதாடிக் கட்சியை விட்டு விலகியிருந்தார். ஆந்திரமும் கேரளமும் கன்னடமும் இந்தக் கோரிக்கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கட்சிக்குள் பலருக்கும் தெரிந்திருந்த ஒன்றை வெளியே சொல்வதற்கு ஒரு தருணம் தேவைப்பட்டது. சீனப் போர் அந்தத் தருணத்தைக் கொடுத்தது.

டெல்லி அதோடு விடவில்லை. சர் சி.பி.ராமசாமி ஐயர் தலைமையிலான தேசிய ஒருமைப்பாட்டுக் குழுவின் பரிந்துரையை வைத்து, 1963 ஜனவரியில் அரசியலமைப்பின் 16-வது திருத்த மசோதா வந்தது. பேச்சுரிமைக்கும் கூடும் உரிமைக்கும் சங்கம் அமைக்கும் உரிமைக்கும் ‘இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும்’ என்ற புதிய வரம்பு விழுந்தது. தேர்தலில் நிற்பவர் அந்த ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் ஆனது. நாங்களே நிறுத்திவிட்ட பிரசாரத்துக்கு இப்போது ஏன் சட்டம் என்று அண்ணா மாநிலங்களவையில் வாதாடினார். மசோதா நிறைவேறியது, 1963 அக்டோபர் 5-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அடுத்த மாதமே தி.மு.க. தன் விதிகளிலிருந்து திராவிட நாடு கோரிக்கையை எடுத்தது. பிரிவினையைக் கைவிட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா சொல்லி வைத்தார்.

இன்றும் போளூரிலோ ஆரணியிலோ வேட்புமனு தாக்கல் செய்பவர், எந்தக் கட்சியானாலும், சுயேச்சையானாலும், அந்த உறுதிமொழியைப் படித்துக் கையெழுத்திட்டே ஆக வேண்டும். அதைப் படிப்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு போரின் பின்விளைவு என்று தெரிந்திருக்கும்?

அந்தத் திருத்தத்தின் பிள்ளை இன்னொன்று. 1967-ல் இயற்றப்பட்ட சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், அதாவது இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் ‘உபா’, 16-வது திருத்தம் போட்ட வரம்பின்மேல் எழுப்பப்பட்டது. முதலில் பிரிவினை அமைப்புகளைத் தடை செய்யும் சட்டமாக வந்தது. 2004, 2008, 2012, 2019 என்று திருத்தம் மேல் திருத்தம் சேர்ந்து, இன்று ஒரு தனி மனிதரையே பயங்கரவாதி என்று அறிவிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. சீனப் படை பொம்டிலாவை விட்டுப் போய் அறுபது ஆண்டு ஆகிவிட்டது. சட்டம் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

ஐந்து ஆண்டு நெருக்கடி நிலை

‘நெருக்கடி நிலை’ என்றால் தமிழ்நாட்டில் 1975-தான் நினைவுக்கு வரும். முதல் நெருக்கடி நிலை 1962 அக்டோபர் 26-ல் அறிவிக்கப்பட்டது. போர் ஒரு மாதத்தில் முடிந்தது. நெருக்கடி நிலை 1968 ஜனவரி 10 வரை நீடித்தது. அதனுடன் வந்த இந்தியப் பாதுகாப்பு விதிகள் விசாரணை இல்லாமல் ஆட்களை உள்ளே வைக்க அதிகாரம் கொடுத்தன.

முதலில் சிக்கியவர்கள் கம்யூனிஸ்ட்டுகள். போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்ட அதே நவம்பர் 21 முதல் நாடு முழுக்கக் கைதுகள் நடந்தன. சீனா பற்றி என்ன நிலை எடுப்பது என்று கட்சிக்குள் புகைந்துகொண்டிருந்த சண்டை சிறைக்குள் முற்றியது. 1964 ஏப்ரலில் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். தமிழ்நாட்டின் பி.ராமமூர்த்தியும் என்.சங்கரய்யாவும் அவர்களில் இருந்தார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டானது. நெசவாளர் சங்கமோ விவசாயிகள் சங்கமோ, இன்று வட மாவட்டங்களில் இடதுசாரிச் சங்கம் என்றால் இரண்டு கொடி பறப்பது அந்த முறிவினால்தான்.

அடுத்த இரை மொழிப்போர். 1965 ஜனவரி, பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது காங்கிரஸ் அரசு எடுத்த ஆயுதம் சீனப் போருக்காக வடித்த இதே பாதுகாப்பு விதிகள். கருணாநிதி அந்த விதிகளின்கீழ் கைதாகிப் பாளையங்கோட்டைச் சிறையில் தனிமையில் அடைக்கப்பட்டார். சீனாவை எதிர்க்கப் போட்ட விதி பள்ளி, கல்லூரி மாணவரின் போராட்டத்தின்மேல் பாய்ந்தது. போருக்கு என்று வாங்கும் அதிகாரம் போரோடு திரும்பிப் போவதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பத்தர் தெருவில் விழுந்த அடி

போர் பணம் கேட்டது. 1963-64 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ரூ.867 கோடி ஒதுக்கப்பட்டது. போருக்கு முன் போட்ட ஒதுக்கீட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் கட்டாய சேமிப்புத் திட்டம், கூடுதல் லாப வரி, மண்ணெண்ணெய் வரி உயர்வு என்று அடுக்கினார். அதற்கு முன்பே, 1963 ஜனவரியில், தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்துவிட்டன. அந்நியச் செலாவணி வெளியே போவதைத் தடுக்கத் தங்க மோகத்தைக் குறைக்க வேண்டும் என்பது கணக்கு. புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கட்டித் தங்கம் வைத்திருப்பவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் இருந்த பத்தர்களுக்கு இது நேரடி அடி. 22 காரட் தங்கத்தில் பழகிய கை. மகளுக்குப் போடும் நகையை 14 காரட்டில் செய்யச் சொல்லி எந்த வீட்டில் வருவார்கள்? வேலை நின்றது. நாடு முழுக்கப் பொற்கொல்லர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன, தற்கொலைகள் நடந்தன. 1966-ல் 14 காரட் வரம்பு நீங்கியது. ஆனால் கட்டுப்பாடு தனிச் சட்டமாகி 1968-லிருந்து 1990 வரை இருந்தது. இடைப்பட்ட காலத்தில் கள்ளக்கடத்தல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. ஒரு மாதப் போருக்கு இருபத்தேழு ஆண்டு தங்கக் கட்டுப்பாடு.

வரிச் சுமையும் விலை உயர்வும் அரசியலாகத் திரும்பிய இடம் போளூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1963-ல் திருவண்ணாமலை சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. முந்தைய ஆண்டு காங்கிரஸ் வென்ற தொகுதி. தி.மு.க.வின் ப.உ.சண்முகம் வென்றார். போர்க்காலத் தேசபக்தி அலை காங்கிரசைக் காப்பாற்றவில்லை. பிரிவினை முத்திரையைக் கழற்றிய தி.மு.க.வை இனி தேசவிரோதி என்று சொல்லியும் அடிக்க முடியவில்லை. கட்சி கரைகிறது என்று உணர்ந்த காமராஜர், மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற தன் திட்டத்தை முன்வைத்து, அக்டோபர் 2-ல் முதலமைச்சர் பதவியை விட்டார். பக்தவத்சலம் வந்தார். மொழிப்போரும் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன. 1967-ல் கோட்டையில் கொடி மாறியது. சீனப் போர்தான் தி.மு.க.வை ஆட்சியில் அமர்த்தியது என்று சொன்னால் மிகை. ஆனால் பிரிவினைக் கோரிக்கையோடு நின்றிருந்தால் 1967-ல் தி.மு.க. தேர்தலிலேயே நின்றிருக்க முடியாது. அதை உணர்ந்து வழி மாற்றிய அண்ணாவின் முடிவிலிருந்துதான் மாநில சுயாட்சி என்ற அரசியல் பிறந்தது. 1969-ன் ராஜமன்னார் குழுவிலிருந்து 2025-ல் தமிழ்நாடு அரசு அமைத்த குரியன் ஜோசப் குழு வரை அதே நூல்தான் ஓடுகிறது.

பட்டாளத்துக்குப் போகும் மாவட்டம்

வேலூருக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். சுற்றுவட்டாரத்தில் அதற்குப் பெயர் ராணுவப்பேட்டை. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார் அல்லது இருந்திருப்பார். வானம் பார்த்த நிலமும் நிலையில்லாத கூலியும் உள்ள மாவட்டத்தில் பட்டாளச் சம்பளம் நிச்சயமான வருமானம். இந்தப் பழக்கம் பிரிட்டிஷ் காலத்தது. 1962-க்குப் பிறகு கதவு அகலமானது. ராணுவத்தை 8,25,000 பேர் கொண்டதாகப் பெருக்க அரசு திட்டமிட்டது. மலைப்போருக்கென்று தனிப் படைப்பிரிவுகள் உருவாயின. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை, சண்டை நடந்துகொண்டிருந்த 1962 அக்டோபர் 24-லேயே தொடங்கப்பட்டது.

அதிகாரிகள் பற்றாக்குறையைத் தீர்க்க 1963 ஜனவரியில் சென்னையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. பரங்கிமலையில் இன்று அகாதமியாக நிற்கும் அந்த வளாகத்தில் ராணுவத்தின் பெண் அதிகாரிகளும் பயிற்சி பெற்று வருகிறார்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 டிசம்பரில் முதல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. அடுத்த ஆண்டு திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. பழைய .303 ரைபிளையும் கான்வாஸ் காலணியையும் கொடுத்துப் பனிமலைக்கு ஆள் அனுப்பிய அவமானம் ஒரு தொழில்துறையையே கட்டியது. போரால் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த நன்மை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

விலையும் கொடுத்தாயிற்று. 2020 ஜூன் 15-ல் கல்வானில் இறந்த இருபது வீரர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தின் ஹவில்தார் பழனி. அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. எல்லைக் கோடு எது என்பது 1962-ல் தீராமல் விட்ட கேள்வி. ஐம்பத்தெட்டு ஆண்டு கழித்து ஒரு தமிழ்க் குடும்பம் அதற்கு விலை கொடுத்தது.

மலையகத்துக்கு வந்த பில்

போர் நின்ற மறுமாதம், 1962 டிசம்பரில், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆறு அணிசேரா நாடுகளைக் கொழும்பில் கூட்டி இந்தியா-சீனா சமரசத்துக்கு யோசனைகள் சொன்னார். அணிசேரா நாடுகளில் பெரும்பாலானவை தனக்காகச் சீனாவை வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை என்ற வலி டெல்லிக்கு இருந்தது. அண்டை நாடுகளை இனியும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற கவலை அந்த வலியோடு வந்தது.

இலங்கைத் தோட்டங்களில் உழைத்து, நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரை மொத்தமாக ஏற்க முடியாது, அவர்கள் இலங்கையின் பிரஜைகள் என்று நேரு இருந்தவரை இந்தியா சொல்லிவந்தது. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் அந்த நிலை மாறியது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பின்னால் பார்ப்போம் என்று பேசி முடித்தார்கள். தோட்டத் தொழிலாளிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீனப் போருக்குப் பின் அண்டை நாட்டு நட்பைத் தேடிய அவசரம் இந்த மாற்றத்தின் முக்கியக் காரணம் என்று வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படி வந்து நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட குடும்பங்களின் வரலாற்றை எழுதினால் அதிலும் 1962-க்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

தறியில் ஓடும் எல்லை

இனி பட்டுக்கு வருவோம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் சேலைக்கான கச்சாப் பட்டு ஆரணியில் விளைவதில்லை. பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வரும். கொஞ்சம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வரும். சீராகவும் அறுபடாமலும் ஓடும் நூல் வேண்டும் என்றால் சீனப் பட்டுக்குக் கிராக்கி. குறிப்பாகப் பாவுக்கும் விசைத்தறிக்கும்.

போருக்குப் பின் சீனாவுடன் வர்த்தகமே நின்றுபோனது. 1976-ல் தூதர்களும், 1978-ல் வர்த்தகமும் திரும்பின. 1990-களில் இறக்குமதி தளர்ந்தபோது சீனப் பட்டு வெள்ளமாக வந்தது. மல்பெரி விவசாயிகள் அலறினார்கள். 2003-ல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போடப்பட்டது. அன்றிலிருந்து சுங்க வரி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. 2011-ல் 30 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கியது. 2021 பட்ஜெட்டில் 10-லிருந்து 15-க்கு ஏறியது. வரி ஏறினால் கூடு விற்கும் விவசாயிக்கு மூச்சு; கோறா நூல் வாங்கும் நெசவாளிக்கு முட்டு. இறங்கினால் நேர்மாறு. கூலித் தறியில் உட்காருபவருக்கு இரண்டு நிலையிலும் கூலி உடனே ஏறுவதில்லை. நூல் விலை எகிறினால் முதலாளி பாவு கொடுப்பதைக் குறைப்பார், அவ்வளவுதான்.

2019 அக்டோபரில் மாமல்லபுரத்துக்கு ஷி ஜின்பிங் வந்தார். மறுநாள் கோவளத்தில் பிரதமர் மோடி அவருக்குக் கொடுத்த பரிசுகளில் ஒன்று, ஷியின் முகத்தையே நெய்த பட்டுத் துணி. சிறுமுகை நெசவாளர்களின் கைவேலை. எட்டு மாதத்தில் கல்வான். பரிசு கொடுத்த உறவும் 1962 விட்டுச் சென்ற கோட்டைத் தாண்ட முடியவில்லை. 2024 அக்டோபரில் டெப்சாங், டெம்சோக் ரோந்து பற்றி உடன்பாடு எட்டப்பட்டது. 2024-25 நிதியாண்டில் சீனாவுடனான நம் வர்த்தகப் பற்றாக்குறையோ 9,900 கோடி டாலரைத் தாண்டியது. எல்லையில் முறைப்பும் சந்தையில் சார்பும் ஒன்றாக வளர்கின்றன. நடுவில் மாட்டிக்கொள்வது நூல் வாங்கப் பணம் புரட்டும் சின்னத் தறிக்காரர்.

கேட்காமல் விட்ட கணக்கு

ஏன் தோற்றோம் என்று விசாரித்து லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963-ல் அறிக்கை கொடுத்தார்கள். ஒரு பகுதி 2014-ல் கசிந்து இணையத்தில் வந்தது. அரசு இன்றுவரை அதை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. போர் எப்படி நடந்தது என்பது ரகசியம்; போரின் பெயரால் வந்த விதிகள் மட்டும் ஊரறிந்தவை.

நீண்ட போரில் மக்கள் களைத்துக் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். குறுகிய போர் அதற்கு அவகாசம் கொடுப்பதில்லை. கோபமும் பெருமையும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மசோதாக்கள் நிறைவேறிவிடுகின்றன. எதிர்க்கட்சி எதிர்த்தால் துரோகி. ஆறப்போட்டு யோசிக்க வேண்டிய காரியங்கள் ஒரே மூச்சில் நடந்து முடிகின்றன. 16-வது திருத்தம், பாதுகாப்பு விதிகள், தங்கக் கட்டுப்பாடு, மலையக ஒப்பந்தம் எல்லாம் இந்த வெப்பத்திலோ அதன் நிழலிலோ எடுத்த முடிவுகள். இவற்றில் சில தேவையாகவே இருந்திருக்கலாம். ஆனால் எதற்கும் காலாவதித் தேதி எழுதப்படவில்லை. தப்பு அங்கேதான்.

எனவே நான்கு நாள் மோதலுக்குப் பின்னும் கேட்க வேண்டியது, யார் எத்தனை விமானம் வீழ்த்தினார்கள் என்பது மட்டுமல்ல. இந்தச் சண்டையின் பெயரால் எந்த விதி வந்தது, எந்த வரி வந்தது, எந்த ஒப்பந்தம் நின்றது, இவை ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில் நாடாளுமன்றம் திரும்ப எடுத்துப் பார்க்கும்? 1963-ல் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் மொழிப்போர் மாணவர்மேல் சீனப் போர் விதி பாய்ந்திருக்காது, பத்தர் குடும்பங்கள் இருபத்தேழு ஆண்டு காத்திருக்க நேர்ந்திருக்காது. ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் எழுந்து நின்று கேட்டால் போதும். ஆரணி, திருவண்ணாமலை, வேலூர் தொகுதிகளிலிருந்து டெல்லி போயிருப்பவர்களே கேட்கலாம்.